கூரைக்காகப் பிறந்த விளையாட்டு

மரக்காணத்து உப்பளக்காரர்களுக்கு மழை என்றால் ஆகாது. ஊரே கும்பிட்டு மழையை வரவழைக்கும் நேரத்தில் அவர்கள் மட்டும் வானத்தைப் பார்த்து, 'இன்னும் ஒரு பத்து நாள் பொறுத்துக்கோ சாமி' என்பார்கள். தப்பில்லை. பாத்தியில் கட்டிய உப்புத் தண்ணீர் சுண்டிச் சுண்டி, கடைசிப் பாத்தியில் வெள்ளையாகப் பூக்கிற சமயத்தில் ஒரு மழை போதும். அத்தனையும் கரைந்து மறுபடி தண்ணீர். பல நாள் உழைப்பு, அரை மணி நேரத்தில் காலி. வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிட்டால் அளத்தில் வேலை கிடையாது. பொங்கல் கழிந்து, பாத்தியைச் சீர்பண்ணி, மறுபடி உப்பு எடுக்கிறவரை வருமானமும் கிடையாது. மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிற ஒரு தொழில், வானத்தோடு போட்டுக்கொண்ட எழுதாத ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் கூடைப்பந்தும் கிட்டத்தட்ட அப்படிப்பட்ட தொழில்தான். அதுவும் திறந்த வெளி. அதற்கும் மழை ஆகாது. அதற்கும் சீசன் கோடைக்காலம்தான். பெரியகுளம் மாதிரி ஊர்களில் மே மாதம் ராத்திரி விளக்கு போட்டு அகில இந்தியப் போட்டி நடத்துவார்கள். காலரியில் இடம் இருக்காது. அப்படி ஒரு கூட்டம். அதே போட்டியை நவம்பரில் வைக்கச் சொல்லுங்கள் பார்ப்போம். வைக்க மாட்டார்கள். சிமென்ட் தரையில் தண்ணீர் நின்றால் வழுக்கி விழுந்து கால் முறியும்.

எங்கே உப்பு, எங்கே கூடைப்பந்து என்று கேட்கிறீர்கள். கேட்கலாம். ஆனால் சென்னையில் கூரை போட்ட பெரிய கூடைப்பந்து அரங்கம் ஒன்று இருக்கிறதே, அது எங்கே இருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். உப்புக் கிடங்குக்குப் பக்கத்து வீடு!

கதையை மரக்காணத்திலிருந்தே தொடங்கலாம். ஏனென்றால் பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே வந்து முடிகிற ஊர் இதுதான். ஆந்திராவில் பெத்தகஞ்சத்தில் ஆரம்பித்து சுமார் 420 கிலோமீட்டர், கடலோரமாகவே ஓடி வருகிற கால்வாய். 1806-ல் பேசில் காக்ரேன் என்கிற வெள்ளைக்கார வியாபாரி, சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் சொந்த லாபத்துக்காக வெட்டியது முதல் துண்டு. பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வடக்கேயும் தெற்கேயும் நீட்டிக்கொண்டே போனார்கள். ஊருக்கு நடுவே மட்டும் ஒரு இடைவெளி. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில் சுமார் எட்டு கிலோமீட்டர் வெட்டாமலே கிடந்தது. 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கில் ஜனம் செத்தது. பிழைக்க வழி தேடிப் பட்டணத்துக்கு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சிக்கும் கூலிக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டுமே? இடைவெளியை வெட்டச் சொன்னார்கள். பசித்தவர்கள் வெட்டிய கால்வாய்க்கு, அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. வெட்டியவர்கள் பெயரைக் கால்வாய்க்கு வைப்பது வழக்கமில்லை.

அந்தக் கால்வாயில் படகில் வந்த சரக்குகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, விறகு. இன்னொன்று, உப்பு. 1805-லேயே சென்னை மாகாணத்தில் உப்பைக் கம்பெனி அரசாங்கம் தன் ஏகபோகமாக ஆக்கிக்கொண்டது. யார் வேண்டுமானாலும் விளைவிக்கலாம், யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்கிற கதையெல்லாம் அத்தோடு முடிந்தது. அரசாங்க உப்பைச் சேமித்து வைக்கப் பட்டணத்தில் கிடங்கு வேண்டும். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னால், பெரியமேடு பக்கத்தில் 'சால்ட் கோட்டர்ஸ்' என்று ஒரு ரயில்வே சரக்கு யார்டு இருக்கிறதே, அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். கோட்டர்ஸ் என்றவுடன் ரயில்வே ஊழியர் குடியிருப்பு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது குவார்ட்டர்ஸ் இல்லை. நம்முடைய 'கொட்டாரம்'. உப்புக் கொட்டாரம், இங்கிலீஷ்காரன் வாயில் விழுந்து சால்ட் கோட்டர்ஸ் ஆகிவிட்டது.

இந்த உப்புக் கிடங்கை ஒட்டித்தான் ஒரு காலத்தில் சென்னையின் மிகப் பெரிய பூங்கா இருந்தது.

1859-ல் சென்னைக்கு கவர்னராக வந்தவர் சர் சார்லஸ் டிரெவெல்யன். ஆள் கொஞ்சம் சிக்கலான கேரக்டர். 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது நிவாரணப் பணத்துக்குச் சாவி இவர் கையில்தான் இருந்தது. கையைச் சுருக்கிக்கொண்டார் என்று ஐரிஷ்காரர்கள் இன்றைக்கும் இவரைத் திட்டுகிறார்கள். சென்னைக்கு வந்ததும் என்ன தோன்றியதோ, சாதாரண ஜனங்கள் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்றார். கறுப்பர் நகரத்தில் நெருக்கியடித்து வாழ்கிறவர்களுக்கு ஒரு தோட்டம். 116 ஏக்கர். பதினொரு குளங்கள். ஐந்தரை மைல் நீளத்துக்கு உள்ளேயே சாலைகள். பாண்டு வாத்தியம் வாசிக்க மேடை. பெயர், பீப்பிள்ஸ் பார்க். மக்கள் பூங்கா. 1861-ல் எழும்பூர் மியூசியத்தில் இருந்த மிருகக்காட்சிசாலையும் இங்கே வந்துவிட்டது.

பூங்கா முழுசாக உருவாவதற்குள் டிரெவெல்யனுக்கு வேலை போய்விட்டது. 1857 கலகத்தில் காலியான கஜானாவை நிரப்ப, ஜேம்ஸ் வில்சன் என்கிற நிதி மந்திரி இந்தியாவில் முதல்முறையாக வருமான வரி கொண்டு வந்தார். டிரெவெல்யன் அதைப் பகிரங்கமாக எதிர்த்து, தன் ஆட்சேபத்தைப் பத்திரிகையிலும் வரவிட்டார். 1860-ல் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வருமான வரியை எதிர்த்ததற்காக உத்தியோகம் போன கவர்னர் என்றால், சரித்திரத்தில் அவருக்கு ஒரு சலுகை தரலாமா என்று நமக்கே தோன்றும். போகட்டும்.

ஊருக்கு நடுவே 116 ஏக்கர் சும்மா கிடந்தால் யாருக்குத்தான் கண் உறுத்தாது? ஒரு விசேஷ மனநிலை அது. பூங்காவில் மரம் நிற்கிறது, ஜனம் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பைலில் அது 'காலி இடம்' என்றுதான் இருக்கும். முதலில் விக்டோரியா பப்ளிக் ஹால். ஊருக்கு ஒரு நல்ல மண்டபம் வேண்டாமா? 1900-ல் மூர் மார்க்கெட். வியாபாரத்துக்கு இடம் வேண்டாமா? 1913-ல் ரிப்பன் கட்டடம். நகராட்சிக்கே இடம் இல்லாவிட்டால் எப்படி? ஒவ்வொன்றும் நியாயம்தான். ஒவ்வொரு நியாயமும் சில ஏக்கர் சாப்பிட்டது.

நடுவில் ஒரு பெரும் சோகமும் நடந்தது. 1886 டிசம்பர் 31-ம் தேதி. பூங்காவில் வருஷக் கடைசித் திருவிழா. பந்தல், கடை, கூட்டம். தீப்பிடித்தது. முந்நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். கூட்டம் கூடுகிற இடத்துக்கு நல்ல கட்டடமும் நாலு பக்கம் வாசலும் வேண்டும் என்கிற பாடத்தை இந்த மண் அன்றைக்கே கொடுமையாகக் கற்றுக்கொண்டது.

பிறகு வந்தது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்தப் பெயர் மறக்காது. 1956 ஜனவரி. நியூசிலாந்து வந்திருந்தது. வினு மன்கடும் பங்கஜ் ராயும் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். முதல் நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழவில்லை. மறுநாள் ஜோடி பிரிந்தபோது ஸ்கோர் 413. மன்கட் 231, ராய் 173. டெஸ்ட் கிரிக்கெட்டின் தொடக்க ஜோடி சாதனை. 2008 வரை, 52 வருஷம் யாராலும் அதைத் தொட முடியவில்லை. சேப்பாக்கத்தில் நடந்ததாகப் பலபேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, இங்கேதான். 1956-லிருந்து 1965-க்குள் இங்கே ஒன்பது டெஸ்ட் நடந்தது. அப்புறம் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிப் போய்விட்டது.

1985 ஒரு கணக்குத் தீர்க்கிற வருஷம். மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகக் கடைக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் கடை கொடுத்தார்கள். பெயரைக் கவனியுங்கள். டிரெவெல்யன் காலத்துப் பதினொரு குளங்கள் பெயர்ப்பலகைகளாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. மார்க்கெட் இருந்த இடத்தில் ரயில்வேயின் புறநகர் நிலையம். மிருகக்காட்சிசாலை அதே வருஷம் வண்டலூர் போனது.

1993-ல் பழைய ஸ்டேடியத்தை இடித்து, 260 நாளில் புதிய நேரு ஸ்டேடியம். பிரதமர் நரசிம்ம ராவ் வந்து திறந்து வைத்தார். 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னையில் நடந்தன. அந்தப் பத்தாண்டில் எழுந்ததுதான் அதே வளாகத்தில் இருக்கிற நேரு உள்விளையாட்டரங்கம். சுமார் 8,000 பேர் உட்காரலாம். ஏ.சி. மேலே கூரை. நவம்பரில் வெளியே என்ன மழை கொட்டினாலும் உள்ளே ஆட்டம் நடத்தலாம்.

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது. அந்த நவம்பரில் உள்ளே என்ன நடக்கிறது?

பதிலுக்குப் போவதற்கு முன்னால் அமெரிக்கா வரை ஒரு நடை போய்விட்டு வரலாம். ஏனென்றால் கூடைப்பந்து என்கிற விளையாட்டே கூரைக்காகப் பிறந்தது.

1891 டிசம்பர். மாசாசூசெட்ஸ் மாநிலம், ஸ்பிரிங்ஃபீல்ட். ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. வெளியே பனி. கால்பந்து ஆட முடியாது, பேஸ்பால் ஆட முடியாது. உள்ளே மாணவர்கள் தண்டால் எடுத்து அலுத்துப்போய் வாத்தியாரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். 'உள்ளே ஆடுகிற மாதிரி ஏதாவது கண்டுபிடி' என்று ஜேம்ஸ் நைஸ்மித் என்கிற இளம் ஆசிரியருக்கு உத்தரவு. அவர் கட்டடக் காவலாளியிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக்கூடைதான் இருக்கிறது என்று அவர் எடுத்துக் கொடுத்தார். அதை மாடிக் கைப்பிடியில் அடித்து மாட்டினார்கள். கைப்பிடி தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க வளையத்தின் உயரம் பத்து அடிதான். முதல் ஆட்டத்தில் பக்கத்துக்கு ஒன்பது பேர். மொத்தம் விழுந்தது ஒரே ஒரு கூடை.

அந்த முதல் ஆட்டத்தில் ஒரு அணிக்குத் தலைவராக இருந்தவர் டங்கன் பேட்டன். 1894-ல் அவர்தான் இந்தியாவுக்கு இந்த விளையாட்டைக் கொண்டு வந்தார். அப்புறம் ஒய்.எம்.சி.ஏ. போகிற ஊருக்கெல்லாம் கூடையும் போனது. 1920-ல் சென்னையில் ஹாரி குரோ பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்துவிட்டுப் போன டிரில் மாஸ்டர்கள் தெற்கத்திப் பள்ளிக்கூடங்கள் முழுக்க விளையாட்டுகளைப் பரப்பினார்கள். ஆனால் நம் ஊரில் பனி ஏது? நாலு சுவருக்குள் முடங்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு கம்பம் நட்டு, வளையம் மாட்டி, மண் தரையில் ஆட ஆரம்பித்தார்கள். பிறகு சிமென்ட் தரை. கூரைக்காகப் பிறந்த விளையாட்டு, இங்கே இறங்கின மாத்திரத்தில் கூரையைத் தொலைத்துவிட்டது.

அதனால் என்ன நஷ்டம்? ஆட்டத்துக்கு ஒன்றும் நஷ்டமில்லை. தொழிலுக்குத்தான் நஷ்டம். அது எப்படி என்று அமெரிக்காவில் பாருங்கள்.

நான் படித்தது பி.காம். அதில் 'நிலையான செலவு' என்று ஒரு சமாசாரம் சொல்லித் தருவார்கள். கடை திறந்தாலும் செலவு, மூடினாலும் அதே செலவு. ஊருக்கு நடுவே ஒரு பெரிய அரங்கம் கட்டியவனுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது. 1920-களில் நியூயார்க், பாஸ்டன் மாதிரி நகரங்களில் குத்துச்சண்டைக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் என்று பிரமாண்டமாகக் கட்டினார்கள். ஹாக்கி நடக்கும் ராத்திரியில் கல்லா நிறையும். ஹாக்கி இல்லாத ராத்திரியில் வாட்ச்மேனும் எலியும்தான்.

1946 ஜூன் 6. நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் அரங்க முதலாளிகள் கூடினார்கள். பாஸ்டன் கார்டன் வால்டர் பிரவுன் அதில் முக்கியமானவர். பேசப்பட்ட விஷயம், காலி ராத்திரிகளை எதைப் போட்டு நிரப்புவது? கல்லூரிகளில் கூடைப்பந்துக்கு நல்ல கூட்டம் வருகிறதே, அதையே சம்பளம் கொடுத்து ஆடவைத்தால் என்ன? பாஸ்கெட்பால் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா பிறந்தது. பதினொரு அணிகள். தலைவராக மாரிஸ் போடலாஃப். அவர் அப்போது ஒரு ஐஸ் ஹாக்கி லீகின் தலைவர்! முதல் ஆட்டம் நவம்பர் 1-ம் தேதி, டொராண்டோவில், ஹாக்கி அரங்கத்திலேயே நடந்தது. நியூயார்க் 68, டொராண்டோ 66. டொராண்டோ அணியின் உயரமான ஆட்டக்காரர் ஆறடி எட்டு அங்குலம். அவரைவிட உயரமானவர்களுக்கு டிக்கெட் இலவசம் என்று விளம்பரம் செய்தார்கள். ஐஸ் மேலேயே பலகை போட்டு ஆடினார்கள். சில ஊர்களில் பலகை இடுக்கில் தண்ணீர் கசிந்து வழுக்கும்.

மூன்று வருஷம் கழித்து, 1949-ல், இன்னொரு லீகோடு சேர்ந்து அதுவே என்.பி.ஏ. ஆனது. மைக்கேல் ஜோர்டானையும் கோபி பிரையன்ட்டையும் உலகத்துக்குக் கொடுத்த அதே என்.பி.ஏ.

கவனித்தீர்களா? லீக் வந்து அரங்கத்தைக் கட்டவில்லை. அரங்கம்தான் லீகைப் பெற்றது. காலியாகக் கிடந்த கூரை, தனக்கு ஒரு வாடகைக்காரனைத் தானே உருவாக்கிக்கொண்டது.

இன்றைக்கு ஒரு என்.பி.ஏ. அணி சீசனில் 82 ஆட்டம் ஆடும். அதில் 41 சொந்த ஊரில். அந்த 41 ராத்திரியும் எப்போது என்று மாதக்கணக்கில் முன்னாலேயே அச்சடித்து விற்றுவிடுவார்கள். டிக்கெட் விற்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் விற்பது தேதி. மழையோ பனியோ, இந்தத் தேதியில் ஆட்டம் உண்டு என்கிற வாக்குறுதி. டி.வி.க்காரன் பணம் கொடுப்பதும், பனியன் வியாபாரி பணம் கொடுப்பதும் அந்த வாக்குறுதிக்குத்தான். கூரை இல்லாமல் இந்த வாக்குறுதியைக் கொடுக்க முடியாது. மீதி 324 நாளுக்கு இசைக் கச்சேரி, சர்க்கஸ், பட்டமளிப்பு விழா. ராத்திரியோடு ராத்திரியாகப் பலகைத் தரையைத் துண்டு துண்டாகக் கழற்றி அடுக்கிவிட்டு, மறுநாள் மேடை போடுவார்கள்.

இதில் நம் ஆள் ஒருவரும் இருக்கிறார். விவேக் ரணதிவே. மும்பையில் பிறந்து, சொற்ப டாலரோடு எம்.ஐ.டி.க்குப் படிக்கப் போய், மென்பொருள் கம்பெனி ஆரம்பித்துக் கோடீஸ்வரர் ஆனவர். 2013-ல் கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவில் ஒரு பதற்றம். ஊரின் ஒரே பெரிய அணியான கிங்ஸை சியாட்டில்காரர்கள் வாங்கிக்கொண்டு போகப் பார்த்தார்கள். பழைய அரங்கம் சரியில்லை என்பது காரணம். மே மாதம் என்.பி.ஏ. முதலாளிகள் ஓட்டுப் போட்டு அந்த மாற்றத்தை நிராகரித்தார்கள். ரணதிவே தலைமையில் ஒரு குழு அணியை வாங்கியது. நிபந்தனை, நகரத்தின் நடுவில் புது அரங்கம் கட்ட வேண்டும்.

ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு ஷாப்பிங் மால் இருந்த இடத்தில் கட்டினார்கள். கோல்டன் 1 சென்டர். சுமார் 55 கோடி டாலருக்கு மேல் செலவு. அதில் 25.5 கோடி டாலருக்கு நகர நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அந்தப் பணம் எங்கிருந்து? பெருமளவு, நகராட்சி பார்க்கிங் வருமானத்தை நம்பி வாங்கிய கடன். பெயருக்கு ஒரு கடன் சங்கம் 20 வருஷத்துக்கு 12 கோடி டாலர் கொடுத்தது. மக்கள் பணத்தைப் பணக்காரர் அணிக்குக் கொடுப்பதா என்று வழக்கெல்லாம் நடந்தது. இப்படிப்பட்ட அரங்கங்கள் போட்ட பணத்தை ஊருக்குத் திருப்பித் தருவதில்லை என்று பொருளாதார நிபுணர்கள் ரொம்ப காலமாகத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அதுவும் நியாயமான கட்சிதான். ஆனால் நகரம் ஒரு காரியம் செய்தது. 35 வருஷத்துக்கு அணி ஊரை விட்டுப் போகக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டது. பணம் கொடுத்தால் பேப்பரில் கையெழுத்து வாங்கு. கணக்குப் பாடத்தின் முதல் பக்கம்.

2016-ல் அரங்கம் திறந்தது. 2019 அக்டோபரில் ரணதிவே அதே கிங்ஸ் அணியை மும்பைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். வொர்லியில் என்.எஸ்.சி.ஐ. உள்ளரங்கம். எதிரணி, இண்டியானா பேசர்ஸ். இந்திய மண்ணில் என்.பி.ஏ. அணிகள் மோதிய முதல் ஆட்டங்கள். முதல் நாள் ஆட்டத்தைப் பார்க்க சுமார் மூவாயிரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். கூடுதல் நேரம்வரை போய் 132-131 என்று முடிந்தது. பிள்ளைகள் கத்திய கத்தலில் கூரை இருந்ததே பெரிய விஷயம்.

சரி, நம்ம ஊர் கூரைக்கு வருவோம்.

நேரு உள்விளையாட்டரங்கத்தில் கூடைப்பந்தே நடக்கவில்லை என்று சொன்னால் பொய். 2009 செப்டம்பரில் ஆசிய மகளிர் கூடைப்பந்து சாம்பியன்ஷிப் இங்கே நடந்தது. சீனா கோப்பையை எடுத்தது. நம் அணியின் தூண் அப்போது கீது அன்னா ஜோஸ். கேரளத்துப் பெண். தெற்கு ரயில்வேயில் உத்தியோகம். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீக் அணிகளே அவரைச் சோதனை ஆட்டத்துக்குக் கூப்பிட்டன. அப்படிப்பட்ட ஓர் ஆட்டக்காரிக்கு இங்கே சோறு போட்டது விளையாட்டு இல்லை. ரயில்வே.

இதுதான் நம் முறை. ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., வருமான வரித் துறை. இந்த அணிகளின் பெயரைக் கேட்டால் ஏதோ சம்பளப் பட்டியல் மாதிரி இருக்கிறது இல்லையா? சம்பளப் பட்டியல்தான். ஆறடி நாலு அங்குலம் இருக்கிற பையன் பகலில் கவுன்ட்டரில் உட்கார்ந்து பாஸ்புக் என்ட்ரி போட்டுவிட்டு சாயங்காலம் மைதானத்துக்கு வருவான். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை மட்டும் இல்லை என்றால் தமிழ்நாட்டில் கூடைப்பந்து எப்போதோ படுத்திருக்கும். அந்த நிறுவனங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் கோட்டா எத்தனை பேருக்கு? மாவட்டத்துக்கு மாவட்டம் நன்றாக ஆடுகிற பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு வேலை கிடைத்தாலே அதிகம். மற்றவர்கள் கல்லூரி முடிந்ததும் பந்தைப் பரணில் போட்டுவிட்டு வேலை தேடக் கிளம்ப வேண்டியதுதான்.

சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் லீக் இங்கே வராமல் இல்லை. 2015-லிருந்து 2017 வரை யு.பி.ஏ. என்று ஒன்று நடந்தது. சென்னை ஸ்லாம் என்று நமக்கும் ஒரு அணி. அது நின்றுபோனது. 2022-ல் கூடைப்பந்து சம்மேளனம் ஐ.என்.பி.எல். தொடங்கியது. முதல் சீசனில் ஜெயித்தது யார் தெரியுமோ? சென்னை ஹீட். ஆனால் சுற்றுக்கு ஓர் ஊர் என்று கூடாரம் மாற்றிக்கொண்டே போன லீக் அது. சென்னை பெயர் போட்ட அணி, 2023 ஜனவரியில் பெங்களூரில் கோப்பையைத் தூக்கியது. வீட்டுக்காரனுக்குக் கல்யாணம், மண்டபம் வெளியூரில்.

நம் மண்டபத்தில் அந்த வருஷங்களில் என்னென்ன நடந்தது? 2005 அக்டோபர் 16-ம் தேதி இளையராஜா இங்கே மேடை ஏறினார். கால் நூற்றாண்டுக்குப் பிறகு அவர் நடத்திய பெரிய நேரடிக் கச்சேரி. அன்றைக்கு உள்ளே இருந்தவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2010 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதிக்குத் திரையுலகம் எடுத்த பாராட்டு விழா. அஜித் எழுந்து பேசி, அரங்கம் அதிர்ந்து, மறுநாள் பேப்பரெல்லாம் அதிர்ந்தது. 2013 செப்டம்பரில் இந்திய சினிமாவின் நூற்றாண்டு விழா. 2022 ஜூலை 28-ல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. விழா இங்கே, ஆட்டம் மாமல்லபுரத்தில்!

ஒன்றும் குறை சொல்லவில்லை. பல்நோக்கு அரங்கம் என்றால் இதெல்லாம் நடக்கத்தான் வேண்டும். சாக்ரமென்டோ அரங்கத்தைத் திறந்து வைத்ததே பால் மெக்கார்ட்னி கச்சேரிதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அங்கே ஆட்டம் குடித்தனக்காரன், கச்சேரி விருந்தாளி. இங்கே விழா குடித்தனக்காரன், ஆட்டம் விருந்தாளி. குடித்தனக்காரனுக்கு அக்ரிமென்ட் உண்டு. விருந்தாளிக்குத் தேதி கிடையாது.

அரசாங்கம் கட்டிய அரங்கங்களுக்கு இந்தியா முழுக்க இதே ஜாதகம்தான். ஒரு பெரிய போட்டி வருகிறது. கட்டு! பதினைந்து நாள் திருவிழா முடிகிறது. அப்புறம்? கட்டடம் நிற்கிறது, கரன்ட் பில் நிற்கிறது. பராமரிக்கிற அதிகாரி என்ன செய்வார்? வாடகைக்குக் கேட்கிறவருக்குக் கொடுப்பார். பாவம், அவர் கணக்கு அவருக்கு. 1946-ல் வால்டர் பிரவுனுக்கு இருந்ததும் இதே கணக்குதான். ஆனால் அவருக்கு அது சொந்தக் காசு. காலி ராத்திரி ஒவ்வொன்றும் பாக்கெட்டைக் கடித்தது. அதனால்தான் ஒரு விளையாட்டுக்கே தொழில் அமைத்துக் கொடுத்தார். நம் அரங்கத்தில் காலி ராத்திரி யாரையும் கடிப்பதில்லை.

இப்போது டிரெவெல்யனின் 116 ஏக்கரை நினைத்துப் பாருங்கள். ஊர் நடுவில் ஜனங்களுக்கென்று ஒதுக்கிய நிலம். மண்டபத்துக்கு, மார்க்கெட்டுக்கு, ஆபீஸுக்கு, ரயிலுக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டோம். கடைசியாக ஒரு பெரிய துண்டை விளையாட்டுக்குக் கொடுத்தோம். இலவசமாகக் காற்று வாங்கிய இடத்தை விட்டுக்கொடுத்ததற்கு ஊருக்குக் கிடைக்க வேண்டிய விலை என்ன? அங்கே ஆட்டம் நடக்க வேண்டும். அதைப் பார்க்கப் பெரியமேட்டுப் பையனும் சூளைப் பெண்ணும் ஐம்பது ரூபாய் டிக்கெட்டில் உள்ளே போக வேண்டும். அந்த விலை இன்னும் வசூலாகவில்லை.

வசூல் பண்ண முடியாத கடனும் இல்லை. 41 ராத்திரி வேண்டாம். அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு? வருஷத்தில் இருபது ராத்திரி போதும். அதுவும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், மாநிலம் முழுக்கச் சிமென்ட் தரைகள் ஈரமாகக் கிடக்கிற அந்த மூன்று மாதத்தில். இந்த இருபது தேதியை ஜனவரியிலேயே அச்சடித்து ஒட்டிவிடுங்கள். எந்த விழா வந்தாலும், எந்தத் தலைவர் வந்தாலும் அந்தத் தேதி ஆட்டக்காரனுக்குச் சொந்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தேதி இருந்தால் டி.வி. வரும். டி.வி. வந்தால் விளம்பரம் வரும். விளம்பரம் வந்தால் சம்பளம் வரும்.

மரக்காணத்து அளத்தில் மூன்று மாதம் வேலை நிற்பதற்கு வானம் காரணம். அங்கே யாரோடும் சண்டை போட முடியாது. பெரியமேட்டில் கூரை போட்டு முப்பது வருஷம் ஆகிவிட்டது. இங்கே மழையைக் காரணம் சொல்ல முடியாது.